லிட்டில் மோர்டன் ஹால்: ஏன் வளைந்தது, ஏன் விழவில்லை

இங்கிலாந்தில் செஷைர் கவுண்டி. காங்கிள்டன் என்ற சிறு நகரத்திலிருந்து தென்மேற்கே 7 கிலோமீட்டர் போனால், வயலும் மேய்ச்சல் நிலமுமான இடத்தில் ஓர் அகழி, அகழிக்குள் கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக ஒரு மாளிகை. அதுதான் லிட்டில் மோர்டன் ஹால். படத்தில் பார்த்தாலே தெரிந்துவிடும், இந்த வீட்டில் நேர்கோடு என்று ஒன்று கிடையாது. தெற்குப் பக்கத்தின் மூன்றாவது தளம் தலை கனத்து நிற்கிறது, சன்னல் வரிசை ஓரிடத்தில் ஏறி இன்னோரிடத்தில் இறங்குகிறது, சுவர்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கின்றன.

பார்க்கிறவர்கள் பெரும்பாலும் "கதையில் வருகிற வீடு மாதிரி இருக்கிறதே" என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த வளைவுக்குக் காரணம் இருக்கிறது, அது பெரிய ரகசியமும் இல்லை: வேலை நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டுக்காரர் மனம் மாறி, திட்டத்தில் இல்லாத ஒரு தளத்தை மேலே ஏற்றினார். அதைவிடப் பெரிய கேள்வி, அப்படி ஏற்றி 460 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இது ஏன் விழவில்லை என்பது. பதில் பாதி தச்சு வேலையில் இருக்கிறது, மீதி அந்தக் குடும்பத்தின் கடனில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் இந்தக் கட்டடத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பதுதான் என் கட்சி.

நிலம் வந்த வழி

மோர்டன்கள் அரசவைப் பிரபுக்கள் இல்லை, நிலத்தை வைத்து வளர்ந்த உள்ளூர்க் குடும்பம். 1216இல் லெட்டிஸ் டி மோர்டன் என்ற பெண்ணுக்கும் சர் கிராலம் டி லோஸ்டாக் என்பவருக்கும் நடந்த திருமணத்திலிருந்து இவர்களுடைய வரலாறு தொடங்குகிறது. 1348இல் கொள்ளைநோய் வந்து ஊர் ஊராக ஆட்கள் செத்துப்போன பிறகு நிலம் மலிவாகக் கிடைத்தது, இவர்கள் வாங்கிப் போட்டார்கள். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் சுமார் 1,360 ஏக்கர், தண்ணீரில் ஓடும் ஆலைகள், இரும்பு உருக்கும் உலை என்று நல்ல வசதி.

அகழி இந்த வீட்டைவிடப் பழையது. 10 மீட்டர் அகலம், 13 அல்லது 14ஆம் நூற்றாண்டில், அதே இடத்தில் இருந்த ஒரு முந்தைய வீட்டைச் சுற்றி வெட்டியிருக்க வேண்டும். எதிரியைத் தடுக்க வெட்டினார்கள் என்று சொல்வதற்கு இங்கே ஆதாரம் எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் அகழி வைத்த வீடு என்றால் ஊரில் ஒரு மதிப்பு, அவ்வளவுதான். இன்னொரு உபயோகமும் இருந்தது: வாயில் கட்டடத்துக்கு இடது பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிற இரண்டடுக்குக் கோபுரம் முழுக்கக் கழிப்பறைகள், எல்லாம் நேராக அகழியில்தான் விழும்.

முதலில் கட்டிய கூடம்

வீட்டின் மிகப் பழைய பகுதி, வடக்குப் பக்கத்தில் இருக்கிற பெருங்கூடம். வில்லியம் மோர்டன் என்பவருக்காக 1504க்கும் 1508க்கும் இடையில் எழுந்தது. அந்தக் காலத்து நிலக்கிழார் வீடுகளில் இந்தக் கூடம்தான் எல்லாம். குடும்பமும் வேலையாட்களும் ஒன்றாகச் சாப்பிடுவது, குத்தகைக்காரர்கள் வந்து நிற்பது, விருந்து, வழக்கு, எல்லாம் இங்கே. இன்றைக்குக் கல் பாவிய தரை இருக்கிறது. ஆரம்பத்தில் மண் தரையில் கோரைப்புல் பரப்பி, நடுவில் அடுப்பு மூட்டியிருப்பார்கள். மேலே கூரையைத் தாங்குகிற மரங்கள் வில்லாக வளைந்து இருபக்கமும் சுவரில் இறங்குகின்றன, அவற்றில் டிராகன் உருவங்கள் செதுக்கியிருக்கிறார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று கட்டுமான முறையைப் பார்த்துவிடுவோம், பின்னால் வருகிற சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது. சின்னக் கல் அடித்தளம், அதன்மேல் படுக்கையாக ஓர் ஓக் சட்டம், அதில் தூண்கள், தூண்களை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், அப்புறம் மூலைவிட்டமாகப் போகிற முட்டுகள். செஷைரில் அந்தக் காலத்தில் எல்லோரும் இப்படித்தான் கட்டினார்கள், இந்த வீட்டுக்கென்று தனித் தொழில்நுட்பம் எதுவும் கிடையாது. புகைபோக்கிகளும், பிற்காலத்தில் முட்டுக் கொடுத்த சில இடங்களும்தான் செங்கல். மற்றபடி வீடு மொத்தமும் மரச்சட்டத்தில் நிற்கிறது. சட்டங்களுக்கு நடுவே நாம் பார்க்கிற வெள்ளைப் பரப்பு வெறும் நிரப்பல், வீட்டின் எடையை அது தாங்குவதில்லை. அதை மொத்தமாக உடைத்து எடுத்தாலும் கூடு அப்படியே நிற்கும்.

அந்தக் காலத்து இங்கிலாந்துத் தச்சர்கள் ஓக் மரத்தைக் காயவிட்டு வேலை செய்யவில்லை. வெட்டிய ஈரத்தோடு இழைத்தார்கள், காய்ந்த ஓக்கில் உளி இறங்குவது பெரும்பாடு. ஒரு சட்டத்தில் துளை வெட்டுவார்கள், இன்னொன்றின் முனையை நாக்காகச் செதுக்கி அதற்குள் செலுத்துவார்கள், இரண்டையும் சேர்த்து ஒரு மர ஆணி. அந்த ஆணித் துளையில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது: இரண்டு மரத்திலும் துளை நேருக்கு நேர் வராமல், வேண்டுமென்றே ஒரு நூல் இரண்டு நூல் விலக்கிப் போடுவார்கள். ஆணியை அடிக்க அடிக்க அது நாக்கை உள்ளே இழுத்து மூட்டை இறுக்கும். பிறகு வருடக்கணக்கில் ஓக் காய்ந்து சுருங்கும்போது மூட்டு இன்னும் கவ்விக்கொள்ளும். முழுச் சட்டத்தையும் முதலில் தரையில் கிடத்திப் பொருத்திப் பார்த்து, ஒவ்வொரு மூட்டுக்கும் உளியால் அடையாள எண் வெட்டி, கழற்றி, அப்புறம்தான் இடத்தில் நிறுத்துவார்கள்.

இப்படிப்பட்ட கூடு நம் கயிற்றுக் கட்டில் மாதிரி வேலை செய்யும். ஆள் ஏறி உட்கார்ந்தால் கட்டில் முனகும், கால் அகலும், கோணல் ஆகும், ஆனால் எந்த மூட்டும் பட்டென்று உடைந்து போகாது. பாரத்தை எல்லா மூட்டுகளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பகிர்ந்துகொள்ளும். செங்கல் சுவர் அப்படி இல்லை, அது கொஞ்சம் நகர்ந்தாலே விரிசல் விட்டு எச்சரிக்கும், மேலும் நகர்ந்தால் சரிந்துவிடும்.

1559, ஒரு தச்சனின் கையெழுத்து

வீடு நூறு ஆண்டுகளாகத் துண்டு துண்டாக வளர்ந்தது. 1546இல் வில்லியம் மோர்டனின் மகன், அவர் பெயரும் வில்லியம்தான், கூடத்துக்கு மேற்கே இருந்த சமையல் பகுதியைத் திரும்பக் கட்டினார். 1559இல் முற்றத்தைப் பார்த்தபடி இரண்டு பெரிய சன்னல் அமைப்புகளை முன்னால் தள்ளி எழுப்பினார். ஒவ்வொன்றும் இரண்டு தளம், பல பக்கம், கிட்டத்தட்ட முழுக்கக் கண்ணாடி. இரண்டும் எவ்வளவு நெருக்கம் என்றால் மேலே கூரைகள் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்கின்றன. ஒரே நேரத்தில் திட்டமிட்டுக் கட்டிய இரண்டு அமைப்புகள் இப்படி இடித்துக்கொள்வதைப் பார்த்தால், வரைபடத்தில் உட்கார்ந்து தீர்மானிப்பது இந்த வீட்டில் வழக்கமாக இருந்ததில்லை என்று எனக்குப் படுகிறது. இடம் கிடைத்த இடத்தில், ஆசைப்பட்ட அளவில் கட்டியிருக்கிறார்கள்.

அந்தச் சன்னல்களுக்கு மேலே மரத்தில் எழுத்து வெட்டியிருக்கிறது. கடவுள் எல்லாவற்றிலும் எல்லாமாக இருக்கிறார், இந்தச் சன்னல்களை 1559ஆம் ஆண்டில் வில்லியம் மோர்டன் செய்தார் என்று ஒரு வரி. அதோடு இன்னொரு வரி: கடவுள் அருளால் இந்தச் சன்னல்களைச் செய்தவன் தச்சன் ரிச்சர்ட் டேல். இந்த வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். காசு கொடுத்த முதலாளியும் செய்தார், கைவேலை செய்த தச்சனும் செய்தான், இருவர் பெயரும் ஒரே முகப்பில். 16ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களில் மேஸ்திரி பெயரே தெரியாமல் போனவைதான் அதிகம். டேல் தன் பெயரை முற்றத்தில் வந்து நிற்கிற எவரும் தலை நிமிர்ந்தால் படிக்கும்படி வெட்டி வைத்தான், அதை வெட்டவிட்ட முதலாளியையும் பாராட்ட வேண்டும்.

கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடு முழுவதும் சுமார் 30,000 சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள், சதுரம், சாய்சதுரம், முக்கோணம், வட்டம் என்று விதவிதமாக ஈயப் பட்டியில் கோத்து வைத்திருக்கிறார்கள். பெரிய தகடாகக் கண்ணாடி ஊதி எடுக்க முடியாத காலம், அதனால்தான் துண்டுகள். கண்ணாடி விலை அதிகம், சன்னல் பெரிதானால் பணக்காரன் என்று பொருள். 16ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி கணிசமாக இன்னும் மிஞ்சியிருக்கிறது. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு சாயலில் இருக்கும், சிலவற்றில் பழைய ஆட்கள் கீறி வைத்த எழுத்துகள்கூட உண்டு. ஈயம் மெத்தென்ற உலோகம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அது தேவைப்படும்.

மேலே ஏறிய பாரம்

சரி, இப்போது தெற்குப் பக்கம். இரண்டாம் வில்லியமின் மகன் ஜான் மோர்டன் காலத்தில், 1560க்கும் 1562க்கும் இடையில், வாயில் கட்டடத்தோடு இந்தப் பகுதி எழுந்தது. பாலம் தாண்டி உள்ளே நுழைகிற வழி இதன் அடியில்தான். மேல் இரண்டு தளங்களும் ஒவ்வொன்றும் கீழ்த்தளத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த நீட்டலின் அடிப்பக்கத்தை வளைவான பலகையால் மூடி, அதில் நான்கிதழ்ப் பூ வடிவத்தைத் திரும்பத் திரும்ப வைத்திருக்கிறார்கள். செஷைர்த் தச்சர்களின் வழக்கம் அது.

மூன்றாவது தளத்தில் இருப்பது ஒரே நீளமான கூடம். 21 மீட்டர், தெற்குப் பகுதியின் முழு நீளமும். முதலாம் எலிசபெத் ராணி காலத்தில் வசதியுள்ள வீடுகளில் இப்படி ஒரு நீள்கூடம் வைப்பது பெரிய மோகம். மழைநாளில் பெண்களும் ஆண்களும் உள்ளேயே நடக்கலாம், விளையாடலாம், வந்தவர்களுக்கு வீட்டின் பெருமையைக் காட்டலாம். விளையாடினார்கள் என்பது ஊகம் இல்லை, சுவர்ப் பலகைக்குப் பின்னால் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த நான்கு டென்னிஸ் பந்துகள் கிடைத்திருக்கின்றன. சுவரில் பட்டு இடுக்கில் விழுந்த பந்தை யாரும் எடுக்கவில்லை.

ஆனால் இந்தக் கூடம் முதல் திட்டத்தில் இல்லை. வேலை தொடங்கிய பிறகு சேர்த்தது என்றுதான் கட்டட வரலாற்றாளர்கள் படிக்கிறார்கள். கட்டடத் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்த வாக்கியம் வயிற்றைக் கலக்கும். இரண்டு தளத்துக்கென்று தூணும் உத்திரமும் நிறுத்தத் தொடங்கிவிட்டு, மூன்றாவதை ஏற்றினால் என்ன ஆகும்? தனித்தனியாகப் பார்ப்போம், ஏனென்றால் இங்கே ஒரு தவறு மட்டும் நடக்கவில்லை, மூன்று நான்கு விஷயங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன.

முதலாவது கூரை. ஓடு இல்லை, வைக்கோல் இல்லை, மணற்கல் பாளங்கள். அந்தப் பாளங்களை 21 மீட்டர் நீளத்துக்கு, வீட்டின் மிக உயரமான இடத்தில் அடுக்கினார்கள். கனம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து.

இரண்டாவது, அந்தக் கூரையைத் தாங்குகிற அமைப்பு. நீள்கூடத்துக்குள் தலைக்கு மேலே குறுக்கே மரம் எதுவும் ஓடாமல், வளைந்த முட்டுகள் மட்டும் கொண்டு திறந்த கூரை போட்டார்கள். பார்க்க அழகு. ஆனால் சாய்வான கூரை தன் எடையால் இருபக்கச் சுவர்களையும் வெளியே தள்ளும், அந்தத் தள்ளலைப் பிடித்து இழுத்து வைப்பதற்குத்தான் குறுக்கு உத்திரம். அது இல்லாவிட்டால் சுவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவது அந்தச் சுவர். நீள்கூடத்தின் வடக்கிலும் தெற்கிலும் சுவர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, இடைவிடாத சன்னல் வரிசைதான். மரச்சட்ட வீட்டுக்கு விறைப்பைக் கொடுப்பது மூலைவிட்ட முட்டு. நான்கு சட்டங்களால் ஆன சதுரத்தை யாரும் கையால் தள்ளிச் சாய்த்துவிடலாம், குறுக்காக ஒன்றை அடித்து முக்கோணமாக்கினால் அசையாது. சன்னல் வைத்த இடத்தில் அந்த முட்டை வைக்க முடியாது. ஆக, மிக அதிகமாகத் தள்ளுகிற கூரைக்குக் கீழே, மிகக் குறைவாக எதிர்க்கிற சுவர்.

நான்காவது, வெளியே நீட்டிய தளங்கள். இந்த நீட்டல் அளவோடு இருந்தால் நல்லதே செய்யும்: உத்திரத்தின் வெளிமுனையில் மேல்சுவர் உட்காரும்போது, நடுவில் தொய்யப் பார்க்கிற தளத்தை அது சற்றே மேலே தூக்கிப் பிடிக்கும். முனையில் பாரம் மிஞ்சிப்போனால் கதை மாறிவிடும். முனை கீழே வளையும், நடு மேலே எழும்பும், தளம் முதுகு வளைந்து நிற்கும். அதுவும் காயாத ஓக் என்றால், பாரத்தின்கீழ் மெல்ல மெல்ல வளைந்து, அந்த வளைந்த நிலையிலேயே காய்ந்து இறுகிவிடும். பிறகு பாரத்தை எடுத்தாலும் அது நிமிராது. நீள்கூடத்தின் தரைப் பலகைகள் இன்றைக்கு ஏறி இறங்கி ஓடுவதில் பெரும்பங்கு கட்டி முடித்த முதல் சில பத்தாண்டுகளிலேயே வந்துவிட்டிருக்கும் என்பது என் கணிப்பு.

அதற்கு ஒரு சாட்சியும் இருக்கிறது. கூரை மரங்களுக்கு இடையே இப்போது தெரிகிற குறுக்கு உத்திரங்கள் ஆரம்பத்தில் இருந்தவை இல்லை, 17ஆம் நூற்றாண்டில் சேர்த்தவையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். அதாவது கட்டி நூற்றைம்பது வருடம் ஆவதற்குள்ளேயே சுவர்கள் விரிவதை யாரோ கண்ணால் பார்த்து, கூரை பிளந்துகொண்டு போகும்முன் இருபக்கத்தையும் பிடித்துக் கட்டியிருக்கிறார்கள். திறந்த கூரையின் அழகு போயிற்று, கூடம் பிழைத்தது. அந்த வேலையைச் செய்த தச்சன் டேல் மாதிரி பெயர் வெட்டி வைக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை இந்த வீட்டைக் காப்பாற்றியவர்களில் அவனுக்குத்தான் முதல் இடம்.

நீள்கூடத்தின் இரு முனைகளிலும் மேலே சுதைச் சிற்பங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம் அதிர்ஷ்ட தேவதை தன் சக்கரத்தோடு, அந்தச் சக்கரத்தை ஆள்வது அறியாமை என்று எழுத்து. எதிர்ப்பக்கம் விதி, அதை ஆள்வது அறிவு. இரண்டும் ராபர்ட் ரெக்கார்ட் என்ற கணித அறிஞர் 1556இல் வெளியிட்ட வானியல் நூலின் படத்தைப் பார்த்துச் செய்தவை. சமன் குறியை, அதாவது இரண்டு இணைகோடுகளை, கணக்கில் முதலில் பயன்படுத்திய அதே ரெக்கார்ட்தான். செஷைர் கிராமத்தில் ஒரு நிலக்கிழார் வீட்டுச் சுவரில், வெளிவந்து சில ஆண்டுகளே ஆன ஓர் அறிவியல் புத்தகத்தின் படம் ஏறியிருக்கிறது. கட்டட அமைப்பில் இந்தக் குடும்பம் முழுக்க இடைக்காலத்தில் நின்றது, அலங்காரத்தில் மட்டும் புதிய காலத்தை எட்டிப் பிடித்தது.

ஸ்டாக்போர்ட் பக்கத்தில் இருக்கிற பிரமல் ஹாலிலும் இதே போல மேல்தளத்தில் ஒரு நீள்கூடம் இருந்தது, அதைப் பின்னால் இடித்து எடுத்துவிட்டார்கள். மோர்டனிலும் அதே தீர்ப்பு வந்திருக்க நியாயம் உண்டு. வராமல் போனதற்குக் காரணம் அடுத்த நூற்றாண்டு.

காசில்லாமல் போனது

1610 வாக்கில் தெற்குப் பகுதியோடு சின்னதாக ஒரு சமையல், மது காய்ச்சும் பகுதியைச் சேர்த்தார்கள். அதுதான் கடைசிப் பெரிய வேலை. அப்புறம் உள்நாட்டுப் போர் வந்தது. சுற்று வட்டாரம் நாடாளுமன்றப் பக்கம், மோர்டன்கள் மன்னர் பக்கம். 1643இல் வீட்டைக் கைப்பற்றி நாடாளுமன்றப் படைவீரர்களைத் தங்கவைத்தார்கள். மனுப் போட்டு வீட்டைத் திரும்பப் பெற்றார்கள், ஆனால் பணம் தீர்ந்துவிட்டது. முழு எஸ்டேட்டையும் விற்கப் பார்த்தார்கள், சில நிலத் துண்டுகள் மட்டுமே விலைபோயின. 1654இல் அன்றைய வில்லியம் மோர்டன் இறந்தபோது 3,000 முதல் 4,000 பவுண்டு வரை கடன். 1670களின் இறுதிக்குள் குடும்பம் அங்கே குடியிருப்பதையே விட்டுவிட்டு, விவசாயிகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டது.

இந்த இடத்தில்தான் நான் வழக்கமான வாசிப்பிலிருந்து விலகுகிறேன். வீழ்ச்சி, சோகம் என்று இதை எழுதுவார்கள். குடும்பத்துக்குச் சோகம்தான். கட்டடத்துக்கு இது பெரிய பாதுகாப்பு. அடுத்த 200 ஆண்டுகளில் இங்கிலாந்தில் பணம் இருந்த நிலக்கிழார்கள் என்ன செய்தார்கள்? பழைய மரவீட்டை இடித்துச் செங்கல்லில் கட்டினார்கள், அல்லது முகப்பை மறைத்துச் சீர்மையான புது முகம் கொடுத்தார்கள், சின்னச் சன்னல்களைப் பெயர்த்துவிட்டு மேலும் கீழும் நகர்கிற பெரிய சன்னல்களை வைத்தார்கள். மோர்டன்களுக்கு வளைந்து நின்ற மாடியை இடிக்கக்கூடக் கையில் காசு இல்லை. குத்தகை விவசாயிக்கு அது தேவையும் இல்லை, அவர் இரண்டு மூன்று அறைகளில் வாழ்ந்தார், மேலே என்ன சாய்ந்தால் என்ன.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. தொடாமல் விடுவது வேறு, பராமரிக்காமல் விடுவது வேறு. 1841இல் டேல் என்ற குடும்பம் குத்தகைக்கு வந்தது. 1847இல் வீட்டின் பெரும்பகுதி ஆளில்லாமல் கிடந்தது, கூரை மரம் இற்றுப்போயிருந்தது, சன்னல்களில் பலகை அடித்திருந்தார்கள். குடும்பம் ஜெபம் செய்த சிற்றாலயம் நிலக்கரி கொட்டும் அறையாகி இருந்தது. இன்னும் ஐம்பது வருடம் அப்படியே போயிருந்தால் வறுமை காப்பாற்றியது என்று எழுத நமக்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

அப்போதுதான் எலிசபெத் மோர்டன் வருகிறார். ஆங்கிலிக்கன் திருச்சபைக் கன்னியாஸ்திரி. 1892இல் சகோதரி அனபெல்லா இறந்தபின் கிட்டத்தட்ட பாழடைந்த இந்த வீடு அவருக்கு வந்தது. நிலக்கரி அறையாக இருந்த ஆலயத்தைச் சீராக்கி மறுபடி ஆலயமாக்கினார். நீள்கூடத்தைப் பிடித்துக் கட்ட எஃகுக் கம்பிகளைச் செருக வைத்தவரும் அவராகவே இருக்கலாம் என்று கருதுகிறார்கள். 17ஆம் நூற்றாண்டுத் தச்சன் மரத்தில் செய்ததை இவர் காலத்தில் எஃகில் செய்தார்கள், பிரச்சினை அதே வெளித்தள்ளல்தான். 1912இல் வீட்டை உறவினர் சார்லஸ் ஏப்ரகாமுக்கு எழுதிவைத்தார், அவர் டெர்பி பிஷப். ஒரே நிபந்தனை, ஒருபோதும் விற்கக் கூடாது. ஏப்ரகாம் ஆறு பென்ஸ் கட்டணம் வைத்து மக்களை உள்ளே விட்டார், டேல் குடும்பத்தார் அதை வசூலித்து, வீட்டைச் சுற்றிக் காட்டினார்கள். 1938இல் அவரும் அவர் மகனும் வீட்டை, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தார்கள். டேல்கள் 1955 வரை பார்த்துக்கொண்டார்கள். பழைய மரச்சாமான்களில் மூன்று மட்டுமே மோர்டன்களுடையவை என்று மிஞ்சின: ஒரு நீண்ட சாப்பாட்டு மேசை, ஒரு பெரிய அலமாரி, ஒரு வட்ட மேசை.

நிறமும் பலகையும்

செஷைர் என்றாலே கறுப்பு வெள்ளை வீடு என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. லிட்டில் மோர்டன் ஹாலே அதன் அடையாளமாகிவிட்டது. உண்மையில் அந்தக் கறுப்பு விக்டோரியா காலத்து மோகம். மோர்டன்கள் காலத்தில் ஓக்கில் எதுவும் பூசவில்லை, அது வெயிலிலும் மழையிலும் தானாக வெள்ளிச் சாம்பல் நிறத்துக்கு வந்திருக்கும். நடுவில் இருந்த பரப்புக்குக் காவி கலந்த மஞ்சள். அந்த வீடு இன்று நாம் பார்ப்பதைவிட நிறைய மென்மையாக இருந்திருக்கும், மரமும் சுவரும் இவ்வளவு சண்டை போட்டிருக்காது. முந்தைய சீரமைப்புகளில் சுவரில் வெறும் வண்ணத்தால் வரைந்திருந்த சில போலி வடிவங்களை டிரஸ்ட் நீக்கியது. புதிதாக வைத்த மரங்களுக்குக் கறுப்பு பூசாமல் அப்படியே விட்டது. இதை நான் முழு மனதோடு ஏற்கிறேன். புது மரம் எது, பழையது எது என்று பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும், தெரிந்தால்தான் அது நேர்மையான சீரமைப்பு.

உள்ளே இதற்குச் சமமான ஒரு கண்டுபிடிப்பு 1976இல் நடந்தது. சிறு கூடத்தில் 18ஆம் நூற்றாண்டில் அடித்த மரப்பலகையைக் கழற்றியபோது, பின்னால் எலிசபெத் காலத்துச் சுவரோவியம். கீழ்ப்பகுதியில் பளிங்கும் விலையுயர்ந்த பலகையும் போலத் தோன்றும்படி தீட்டிய வண்ணம், மேலே பட்டையாக விவிலியத்தில் வருகிற சூசன்னாவின் கதை: குளிக்கப்போன பெண்ணை ஒளிந்து பார்த்து, பிறகு அவள்மேலேயே பொய்க் குற்றம் சாட்டிய இரண்டு முதியவர்கள், தானியேல் வந்து அவர்களைத் தனித்தனியாக விசாரித்து உண்மையை வெளியே கொண்டுவருவது. மோர்டன் குடும்பத்தின் ஓநாய்த் தலைச் சின்னமும் ஜான் மோர்டனின் முதலெழுத்துகளும் இருப்பதால் அவர் இறந்த 1598க்கு முந்தையது. யாரோ பலகை அடித்து மூடியதால் நிறம் இத்தனை நாள் தங்கியது.

1977இல் என்ன செய்தார்கள், என்ன செய்யவில்லை

1977இல் தெற்குப் பகுதியின் கூரைக் கற்கள் பிடிப்பு விட்டிருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து ஆறு கட்டமாகப் பெரிய கட்டமைப்புச் சீரமைப்பு தொடங்கியது. இற்ற மரத்தை எடுத்துவிட்டுப் புது மரத்தை வைத்தார்கள். ஆனால் இரண்டு காரியங்களை அவர்கள் செய்யவில்லை. நீள்கூடத்தை நிமிர்த்தவில்லை, அதன் தலையிலிருந்து கல்லை இறக்கிவிட்டு லேசான கூரையைப் போடவும் இல்லை.

இது சரியா என்ற கேள்வி நியாயமானது. வளைவுக்குக் காரணமே அந்தக் கல் என்று தெரிந்த பிறகு, அதையே திரும்ப ஏற்றுவானேன்? பழமையை மதிக்கிறோம் என்பது ஒரு பதில், ஆனால் கட்டமைப்பு ரீதியாகவே வலுவான பதில் ஒன்று எனக்குத் தெரிகிறது. அந்த ஓக் சட்டங்கள் நான்கு நூற்றாண்டாக அந்த எடையின்கீழ் ஒரு சமநிலைக்கு வந்து காய்ந்து இறுகியவை. ஒவ்வொரு தூணும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ, அதற்குப் பக்கத்துத் தூணின் சாய்வு கணக்குச் சொல்கிறது. எடையை எடுத்தால் மரம் நிமிராது, மூட்டுகள்தான் தளரும். வலுக்கட்டாயமாக நிமிர்த்தினால் நாக்குகள் முறியும்.

அதோடு கண்ணாடி. சன்னல் சட்டம் சதுரத்திலிருந்து கோணலாக மாறிக்கொண்டே போனபோது, அந்த ஈயப் பட்டி கூடவே நெளிந்து கொடுத்திருக்கிறது, உள்ளே இருந்த சில்லுகளில் ஏராளமானவை உடையாமல் தப்பியதற்கு அதுவும் காரணம். இன்றைக்கு அந்தச் சன்னல்கள் கோணலான சட்டத்துக்குத்தான் சரியாகப் பொருந்துகின்றன. நீள்கூடத்தை நேராக்க வேண்டுமென்றால் இருபக்கச் சன்னல் வரிசை முழுவதையும் பெயர்த்து, ஈயத்தைப் பிரித்து, புது அளவுக்கு மறுபடி கோக்க வேண்டும். பழைய கண்ணாடியில் எத்தனை அந்த வேலையைத் தாங்கும்? கற்களைத் திரும்பப் பிடிப்பாக உட்கார வைத்து, அடியில் இருக்கிற மரத்தைப் பலப்படுத்தி, வளைவை வளைவாகவே விட்டது சரியான முடிவு என்று நான் நினைக்கிறேன். ஜான் மோர்டன் ஏற்றிய அந்தப் பாரம் இன்னும் முழுசாக அங்கேயேதான் இருக்கிறது.